படங்கு வலையில் விழுந்த கோல்கள்

அக்கா மகன் கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டி, "சித்தி, இதப் பாருங்களேன்" என்றான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் எதையாவது காட்ட வேண்டுமென்றால் இன்னமும் மூக்கில் இடிக்கும்படிதான் நீட்டுவான். அவனுடைய மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே தலையில் கவசம் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டத்தையும் ஃபுட்பால் என்றுதான் சொல்கிறார்களாம். சம்பளத்துக்கு ஆடுகிற பெரிய அணி ஒன்றுக்கு இந்தப் பருவத்தில் ஆடியதெல்லாம் தோல்வி. பார்க்க வந்த சனம் வெட்கம் தாங்காமல் காகிதப் பைகளில் கண்ணுக்குத் துளை போட்டுத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"எம்புட்டுப் பேரு, எம்புட்டுச் சம்பளம். எப்புடித்தான் இப்புடித் தோக்குறானுங்களோ" என்றான்.

நான் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஹாலிஎலயில் சாயங்காலக் குளிர் சீக்கிரம் இறங்கிவிடுகிறது. இறங்கினால் முதலில் என் முழங்காலில்தான் வந்து உட்காரும். பதில் சொல்ல அலுப்பாக இருந்தது. ஆனால் என் வயதுக்காரர்களான உங்களிடம் சொல்லலாம். உங்களுக்கும் நினைவிருக்கும், அந்தக் காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு டீம் இருந்தது. எங்கள் தோட்டத்து டீம் ஒரு வருஷம் ஆடிய போட்டி அத்தனையிலும் தோற்றது. நாங்கள் யாரும் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. மூடியும் பிரயோசனமில்லை, நடையைப் பார்த்தே இன்னார் மகள் என்று சொல்லிவிடுவார்கள்.

எங்கள் தோட்டம் லுணுகலைக்கு மேலே இருந்தது. அங்கே ஃபேக்டரியைப் பொறுப்பாக நடத்திய டீமேக்கர் ஐயாவுக்குத் தேயிலை பாதி உயிர், ஃபுட்பால் மீதி உயிர். நன்றாக ஆடுகிறவனை மலை வேலையிலிருந்து எடுத்து ஃபேக்டரிக்குள் போட்டுக்கொள்வார். மழையில் நனைய வேண்டாம், அட்டைக்கடி இல்லை, பயிற்சி நாளிலும் முழு நாள் கூலிக்குப் பேர் விழும். அப்படிப் பார்த்தால் எங்கள் ஆட்களும் சம்பளத்துக்கு ஆடியவர்கள்தான். அப்பா கோல் கீப்பர். அதனால் இலை காய்கிற அடுப்பில் வேலை. அடுப்புக்குப் போட்டுக்கொள்கிற கித்தான் கையுறையையே கோலிலும் போட்டுக்கொள்வார். அந்த உறையில் விறகுப் புகையும் வறுபட்ட தேயிலையும் கலந்த வாசனை ஒன்று இருந்தது. பிறகு எத்தனையோ கடையில் எத்தனையோ தேயிலையை முகர்ந்து பார்த்துவிட்டேன், அது கிடைக்கவில்லை.

மைதானம் ஃபேக்டரிக்குப் பின்னால். தோட்டத்தில் தட்டையாக இருந்த இடம் அது ஒன்றுதான். ஒரு பக்கம் மண் திட்டு, மறுபக்கம் சரிவு. பந்து சரிவில் விழுந்தால் தேயிலைக்குள் உருண்டு போய்விடும். கோலுக்குச் சவுக்கு மரக் கம்பங்கள். வலைக்கு எங்கே போவது? கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் கட்டிக்கொள்கிற படங்குச் சாக்கு கிழிந்துபோனால் தூக்கிப் போடுவார்கள் அல்லவா, அதையெல்லாம் சேர்த்து அம்மாவும் இன்னும் சில பெண்களும் தைத்துக் கட்டினார்கள். மற்றத் தோட்டங்களில் கோல் விழுந்தால் வலை ஆடும். எங்கள் கோலில் "தொப்" என்று சத்தம் கேட்கும். மைதானத்தைப் பார்க்காமல் லயத்து வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாலும் எத்தனை கோல் வாங்கினோம் என்று தெரிந்துவிடும்.

அந்த வருஷம் அந்தச் சத்தம் ஓயவேயில்லை.

அப்பாவின் கோலுக்கு முன்னால் நின்று பந்தைத் தடுக்கிற பேக், என் அக்காவின் புருஷன். மச்சான் கீழ்க் கணக்குக்காரர். தோட்டத்தின் கீழ்ப் பிரிவை அப்படித்தான் சொல்வோம். மரம் மாதிரி நிற்பார், அவரைத் தாண்டி ஆள் வருவது கஷ்டம். அவர் ஆட்டத்தைப் பார்த்துத்தான் அப்பா அக்காவைக் கொடுத்தார் என்று தோட்டத்தில் கேலி பேசுவார்கள். கேலி இல்லை, உண்மைதான். ஆவணியில் கல்யாணம் நடந்தது. ஐப்பசியில் தலைத் தீபாவளி வந்தது. எல்லாம் கெட்டது அங்கேதான்.

தலைத் தீபாவளிக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் எப்படி அழைக்க வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவும் அம்மாவும் வெற்றிலை பாக்கோடு அவர்கள் லயத்துக்குப் போய், வாசலில் நின்று, சம்பந்தி வீட்டாரிடமும் சொல்லி அழைக்க வேண்டும். அப்பா என்ன செய்தார் தெரியுமா? தினமும் மைதானத்தில் பார்க்கிற ஆள்தானே என்று, பயிற்சி முடிந்து பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிற போக்கில், "தீவாளிக்கு வந்துருங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். சுற்றிலும் டீமே நின்றது.

அம்மா முறுக்குச் சுட்டு, அதிரசம் சுட்டு, மாப்பிள்ளைக்கு எடுத்த வேட்டியைத் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். யாரும் வரவில்லை. மத்தியானத்துக்கு மேல் ஆள் மூலம் சேதி வந்தது. மச்சான் சொன்னாராம்: "பந்தக் கக்கத்துல வச்சிக்கிட்டு கூப்புட்டா அதுக்குப் பேரு அழைப்பா? என்னய வீட்டுக்குக் கூப்புட்டாரா, டீமுக்குக் கூப்புட்டாரா?"

அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "தெனம் மூஞ்சிக்கு முன்னால நிக்கிறவனுக்குத் தனியா அழைப்பு வேணுமாமா? அவன் வீட்டு வாசல்ல போயி நான் ஏன் நிக்கணும்?" என்றார். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. முறுக்கு நமத்துப் போய்க் கார்த்திகை வரைக்கும் நான்தான் தின்றேன்.

இருவரும் டீமை விட்டு விலகவில்லை. விலகினால் மறுநாள் விடியற்காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் மலை வேலைக்கு நிற்க வேண்டும். ஆகவே ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டே ஆடினார்கள். உங்களுக்கு ஆட்டம் தெரியும். கோல் கீப்பர் வாயைத் திறக்காவிட்டால் பேக் என்ன செய்வார்? பந்து வரும். அப்பா பிடிப்பார் என்று மச்சான் விடுவார். மச்சான் அடிப்பார் என்று அப்பா நிற்பார். பந்து இருவருக்கும் நடுவில் நிதானமாக உருண்டு போய்ப் படங்கில் விழும். தொப்.

சித்திரை வருஷப் பிறப்புக்குப் பிறகு போட்டிகள் தொடங்கின. இரண்டு போட்டி போனதும் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த வழி நான்தான். கோலுக்குப் பின்னால், கம்பத்தை ஒட்டி என்னை நிற்க வைத்தார்.

"புள்ள, அவன எடது பக்கம் போகச் சொல்லு" என்பார் அப்பா.

அப்பாவுக்கு அவர் "அவன்". எனக்கு மச்சான். அப்படியே சொல்ல முடியுமா? "மச்சான், அப்பா ஒங்கள எடது பக்கமாப் போவச் சொல்றாங்க" என்று நான் மரியாதையோடு முடிக்கும்போது எதிராளி வலது பக்கம் போட்டு முடித்திருப்பான். மச்சான் திரும்பி என்னிடம், "இப்பச் சொல்லி என்னா செய்ய? ஒங்கப்பாட்ட மொதல்லயே சொல்லச் சொல்லு" என்பார். அப்பா மூன்று எட்டு தள்ளித்தான் நிற்பார். அவர் காதில் நன்றாக விழும். ஆனாலும் நான் திரும்பவும் அவரிடம் சொல்ல வேண்டும். அப்போது எனக்கு அது பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் அசதிதான் வருகிறது, இரண்டு பெரிய மனுஷர்கள்!

இதைத் தோட்டமே பார்த்தது. ஆனால் தோற்பதற்கு இதுதான் காரணம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எந்த லயத்தில்தான் பேசாதவர்கள் இல்லை? கூரைத் தகரத்தில் ஓட்டை இருப்பது மாதிரி அதுவும் பழகிப்போன சங்கதி. டீமேக்கர் ஐயா, பயல்களுக்கு மூச்சுப் பலம் போதாது என்று சொல்லி மலைப்படியில் ஏறி இறங்க வைத்தார். ஆளுக்கொரு பச்சை முட்டை கொடுத்தார். அப்படியும் தோற்றார்கள். அப்புறம் பூசாரி சொன்னார், இது கவ்வாத்துச் சாமியின் கோபம் என்று. தேயிலையைக் கவ்வாத்து வெட்டத் தொடங்குகிற அன்று கத்தியைக் கும்பிடுகிற சாமி அது. கத்தி பிடிக்க வேண்டிய கைகளை ஃபேக்டரிக்குள் கொண்டுபோய்ப் பந்து பிடிக்க வைத்தால் சாமி சும்மா இருக்குமா? சனத்துக்கு அது நியாயமாகப் பட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை டீம் முழுவதும் துருப்பிடித்த கவ்வாத்துக் கத்திகளைத் தேடி எடுத்து, தீட்டி, சிவப்பு ஜெர்ஸியோடு சாமிக் கல்லுக்கு முன் வரிசையாக நின்றது. தப்பு மேளம் அடித்தார்கள். சேவல் அறுத்தார்கள். அந்த ஜெர்ஸி பதுளைக் கடைவீதியில் வாங்கியது. வியர்த்தால் சாயம் போகும். கத்தியும் கழுத்தில் சிவப்புமாக அவர்கள் நின்ற கோலத்தைப் பார்த்து நான் பயந்தேன். அப்பாவும் மச்சானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ஒரே தட்டில் திருநீறு எடுத்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அந்தத் தோட்டத்தில் அன்றைக்கு யாராவது ஒருவர், சாமியை விடுங்கள், இவர்கள் இரண்டு பேரையும் பேசச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சேவல்தான் போனது.

இதற்கிடையில் அக்கா முழுகாமல் இருந்தாள். ஆடு போனாலும் கோழி போனாலும் அம்மாவின் கவலை அது ஒன்றுதான். தலைப் பிள்ளை அம்மா வீட்டில்தான் பிறக்க வேண்டும். ஏழாம் மாசம் வளையல் போட்டுக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். கூட்டிக்கொண்டு வர யார் போவது? பெண்ணைப் பெற்றவர் போக வேண்டும். போகாமல் கொண்டு வர முடியாது, அவர்களும் அனுப்ப மாட்டார்கள். ஏழாம் மாசம் வந்தது, போனது. லுணுகலையில் வாங்கிய கண்ணாடி வளையல்கள் காகிதச் சுற்றுப் பிரிக்காமல் தகரப் பெட்டியில் வேட்டிக்கு மேல் கிடந்தன.

அக்காவை நான் பீலிக்கரையில் பார்ப்பேன். இரண்டு கணக்குக்கும் நடுவில் இருந்த தண்ணீர்ப் பீலி அது. வாளியை இடுப்பில் வைக்க முடியாமல் தலையில் வைத்துக்கொண்டு நிற்பாள். கால் வீங்கியிருந்தது.

"அப்பாவ ஒருக்கா வந்து கூப்புடச் சொல்லுடி. உள்ளாரக்கூட வர வேணாம். வாசல்ல நின்னு சொன்னாப் போதும்" என்றாள்.

சொன்னேன். அப்பா அடுப்புச் சாம்பலைக் கையிலிருந்து தட்டிக்கொண்டே, "தெனம் முன்னாலதான் நிக்கிறான். ஒருக்கா திரும்பி மாமான்னு சொல்லட்டும். அன்னைக்கே போறேன்" என்றார். மச்சானிடம் கேட்டால், "பெரியவர் அவரு, அவரு வரட்டும்" என்றிருப்பார். கேட்கவில்லை, ஆனால் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அம்மா ஒவ்வொரு போட்டிக்கும் வந்து மண் திட்டில் உட்காருவாள். ஆட்டம் அவளுக்குப் புரியாது. இடுப்பில் ஒரு லேஞ்சித் துணியில் வெற்றிலை பாக்கு முடிந்து வைத்திருப்பாள். போட்டி முடிந்ததும் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து, வாடிய வெற்றிலையைப் பிரித்துத் தானே மெல்லுவாள். ஆட்டம் பார்க்கும்போது மெல்லக் கொண்டு போகிறாள், அப்புறம் மறந்துவிடுகிறாள் என்று நான் நினைத்திருந்தேன். எனக்குக் கல்யாணமாகி வெகு காலம் கழித்து ஒரு நாள் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போதுதான் திடீரென்று புரிந்தது. ஜெயித்தால் மனசு இளகி ஒருவர் பேசிவிடுவார், பேசிய கையோடு மைதானத்திலிருந்தே கீழ்க் கணக்குக்குப் போய்விடலாம், வீட்டுக்கு வந்து வெற்றிலை எடுக்கிற நேரத்தில்கூட அப்பா மனசு மாறிவிடக் கூடாது என்று வைத்திருக்கிறாள். துணியைப் போட்டுவிட்டு அழுதேன்.

கடைசிப் போட்டி ஆனி மாசம், எங்கள் மைதானத்தில். கச்சான் காற்று தொடங்கிவிட்டது. செம்மண் எழும்பிப் பல்லில் நறநறத்தது. அதுவரைக்கும் எல்லாவற்றிலும் தோற்றாயிற்று. இதிலும் தோற்றால் எல்லாரையும் மலைக்கே அனுப்பிவிடுவேன் என்று டீமேக்கர் ஐயா சொல்லியிருந்தார். அதனாலோ என்னவோ அன்று நன்றாக ஆடினார்கள். பாதி ஆட்டம் தாண்டியும் ஒரு கோலும் விழவில்லை. அம்மா லேஞ்சியை இடுப்பிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் கீழ்க் கணக்கிலிருந்து ஒரு பெண் சரிவில் தேயிலையைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தாள். மச்சான் இருந்த லயத்திலேயே அடுத்த அறை, பக்கத்துக் காம்பராக்காரி. கோலுக்குப் பின்னால் நின்ற நான்தான் அவளுக்கு முதலில் கிடைத்த ஆள்.

"ஒங்கக்காவுக்கு வலி வந்திருச்சு. மிட்வைஃப் அம்மா வந்திருக்காங்க. எட்டாம் மாசம்டி, ஆளு வேற மாதிரி கெடக்கு" என்றாள்.

எட்டாம் மாசம் என்றால் அந்தக் காலத்தில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். எட்டாம் மாசத்துப் பிள்ளை தங்காது என்பார்கள், எனக்கும் அது தெரிந்திருந்தது. யாருக்கு முதலில் சொல்வது, புருஷனுக்கா, தகப்பனுக்கா என்றெல்லாம் யோசிக்க முடியவில்லை. மரியாதை கோத்துச் சொல்லவும் வரவில்லை. "அக்காவுக்கு வலி!" என்று கத்தினேன்.

மச்சான் திரும்பினார். அந்தப் பருவத்தில் முதல் தடவையாகப் பின்னால் திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பந்து எதிராளியின் காலில் இருந்தது.

அப்பா சொன்னார்: "மாப்பிள்ளை, வாங்க!"

அவ்வளவுதான். கையுறையைக்கூடக் கழற்றாமல் சரிவில் குதித்தார். மச்சான் அவருக்குப் பின்னால் குதித்தார். பாதை வழியாகப் போனால் நேரமாகும் என்று தேயிலைக்குள்ளேயே இருவரும் இறங்கினார்கள். நானும் அம்மாவும் பின்னால் ஓடினோம். "கோல் கீப்பர் எங்கடா? எங்கடா போறான்?" என்று டீமேக்கர் ஐயா மேலே கத்தினார். கொஞ்ச தூரம் போனதும் எங்கள் முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்டது. தொப். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் தொப். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

கீழ்க் கணக்கு லயத்துக்கு வந்ததும் அப்பா மச்சான் வீட்டுப் படிக்கு முன்னால், தண்ணீர் ஓடுகிற கானோரம் சட்டென்று நின்றுவிட்டார். மச்சானும் நின்றார். உள்ளே ஆம்பிளைகள் போக முடியாது. அக்காவின் மாமியார் வெளியே வந்து, செம்மண்ணும் சாயமுமாக நின்ற அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டு வந்த அம்மா லேஞ்சியை அப்பாவின் கையில் திணித்தாள்.

"இப்பவாச்சும் குடுங்க" என்றாள்.

அப்பா அந்தக் கித்தான் உறைக் கைகளாலேயே வெற்றிலையை மச்சானிடம் நீட்டினார். "மாப்பிள்ளை, பொண்ண அழைச்சிட்டுப் போக வந்திருக்கேன்" என்றார். உள்ளே அக்கா அலறுகிறாள். இவர் அழைக்கிறார். மச்சான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "உள்ள வாங்க மாமா" என்றார். அந்த நேரத்தில் உள்ளே போக முடியாது என்பதை அவரும் மறந்துவிட்டார்.

அலறல் நின்றது. உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "அப்பாவா?"

"அப்பாதான்டி" என்றாள் அம்மா கதவோரம் நின்று.

"ரெண்டு பேரும் ஒண்ணாவா வந்தாங்க?"

"ஆமாடி. வெத்தல குடுத்தாச்சு. மாப்பிள்ளையும் வாங்கிக்கிட்டாரு."

பிறகு அக்கா சொன்னாள்: "இம்புட்டுத்தானா? இம்புட்டுக்குத்தானா என்னய இத்தன நாளு காக்க வச்சீங்க?" சொல்லிவிட்டு அழுதாள். வலிக்கு அழுதது வேறு, இது வேறு. வெளியில் நின்ற இரண்டு ஆம்பிளைகளும் கானைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிள்ளை இருட்டுகிற நேரத்தில் அங்கேயே பிறந்தது. தப்பாது என்று மிட்வைஃப் அம்மாவே நினைத்தாராம், தப்பிவிட்டது. ஆனால் அக்கா அம்மா வீட்டில் பிள்ளை பெறவில்லை. பிறகு எத்தனை பிள்ளை பெற்றாலும் தலைப் பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைத் தலைப் பிள்ளைக்குத்தான் செய்ய முடியும். அம்மா சாகிற வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அப்பா மேல் இப்போதும் கோபம் இருக்கிறது. பாசமும் இருக்கிறது, ஆனால் கோபம் போகவில்லை.

டீமேக்கர் ஐயா சொன்ன சொல் தவறவில்லை. மறு வாரமே எல்லாரும் மலைக்குப் போனார்கள். அப்பாவும் மச்சானும் ஒரே மலையில், பக்கத்துப் பக்கத்து நிரையில், நாளெல்லாம் பேசிக்கொண்டே கவ்வாத்து வெட்டினார்கள். டீம் அதோடு முடிந்தது. படங்கு வலையை யாரோ அவிழ்த்து மாட்டுக் கொட்டகைக்கு மறைப்புக் கட்டினார்கள். கையுறை என்ன ஆனதென்று தெரியவில்லை. இருவரும் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது.

"சொல்லுங்க சித்தி, எப்புடி இப்புடித் தோக்குறானுங்க?" என்று அக்கா மகன் மறுபடியும் கைபேசியை நீட்டினான். திரையில் காகிதப் பைக்காரர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டக்காரர்கள் கவசத்துக்குள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"யாரு யாரை வீட்டுக்குப் போயிக் கூப்புடலன்னு கேளு" என்றேன்.

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எட்டாம் மாசத்தில் பிறந்த அந்தக் கிழட்டுப் பிள்ளை என்னை விழித்துப் பார்த்தான். உள்ளே, எழுந்து நடமாட முடியாமல் கட்டிலில் படுத்திருக்கிற என் அக்கா, இரண்டு நாளாக ஒரு வார்த்தை பேசாமல் கிடந்தவள், சத்தமாகச் சிரித்தாள்.